ரணமும் சோக்கும்

ரனங்குலஸ் என்ற பெயரைக் கேட்டதும் தமிழ்க் காது அதை ‘ரணகுலம்’ என்று பிரித்துக்கொள்ளும். லத்தீன் படித்தவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் கணக்கில் அதற்குக் குட்டித் தவளை என்று பொருள். அந்த இனத்துச் செடிகள் பலவும் ஈரத்தைத் தேடிப் போய் வளர்வதால் வந்த பெயர். ஆனால் நம் காதும் தப்பாகக் கேட்கவில்லை. அந்தச் செடியைக் கசக்கினால் வரும் சாறு தோலில் பட்டு எரியும், கொப்புளமும் போடும். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் பிச்சைக்காரர்கள் அந்த இனத்துச் செடியொன்றின் சாற்றைத் தடவிப் புண் வரவழைத்து இரக்கம் சம்பாதித்ததாகப் பழைய மூலிகை நூல்கள் சொல்கின்றன. ஆர்ட்டிசோக்கின் பெயரோ அரபியில் அல்-கர்ஷூஃப் என்று கிளம்பி, ஸ்பெயின், இத்தாலி வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்வதற்குள் கை கால் முறிந்துபோனது. இருந்தாலும் கடைசி அசையில் சென்னைக்காரர்களுக்கு மட்டும் புரியும் ஒரு பாராட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. உண்மையிலேயே அது சோக்கான செடிதான்.

இரண்டும் மத்தியதரைக் கடல் பக்கத்துப் பூர்வீகம், இரண்டும் கலிபோர்னியாவின் கடற்கரையில் குடியேறி நன்றாகப் பிழைக்கின்றன. தோட்டக்கலை நூல்கள் ஆர்ட்டிசோக்கைக் காய்கறிப் பகுதியிலும் ரனங்குலஸைப் பூச்செடிப் பகுதியிலும் சேர்ப்பது வழக்கம். இரண்டையும் இடம் மாற்றி வைத்துவிட்டார்கள் என்பது என் கட்சி. வீட்டுத் தோட்டத்தில் ஆர்ட்டிசோக் வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்க வேண்டியது. ரனங்குலஸ் கொல்லையில் வரிசையாக நின்று அறுவடைக்குக் காத்திருக்க வேண்டியது.

முதலில் ஆர்ட்டிசோக் காய்கறியாக என்ன தருகிறது என்று பார்த்துவிடலாம். ஒரு செடி நாலைந்து அடி உயரமும் அதே அளவு அகலமும் பிடித்துக்கொள்ளும். கத்தரியும் தக்காளியும் குடும்பம் நடத்தக்கூடிய இடம் அது. நாம் உண்பது அதன் விரியாத மொட்டை. மொட்டு பெரிதாக இருந்தால் முக்கால் மணி நேரம்கூட வேகவைக்க வேண்டும். பிறகு மடல் மடலாகப் பிய்த்து, அடியில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் சதையை முன்பல்லால் சுரண்ட வேண்டும். வாழைப்பூ ஆய்ந்த கைகளுக்கு இது புதிதல்ல. ஆனால் வாழைப்பூவில் கள்ளனை எடுத்தபின் வீட்டுக்கே பொரியல் மிஞ்சும். இங்கே மடல்கள் தீர்ந்தால் தொண்டையில் சிக்கும் ஒரு மயிர்க்கற்றை வருகிறது. அதையும் வழித்தெறிந்தால் சின்ன வடை அளவில் ஒரு வட்டு மிஞ்சும். மொட்டின் இதயம் என்று கொண்டாடப்படுவது அதுதான். தட்டில் குவிந்த குப்பையோ மொட்டைவிடப் பெரிதாகத் தெரியும். முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானியர் பிளினி, கார்த்தேஜிலும் கோர்தோபாவிலும் இந்த முள்செடி வகையைச் சின்னப் பாத்திகளில் போட்டு 6,000 செஸ்டெர்ஸ் பார்க்கிறார்களே, விலங்குகள் ஒதுக்குவதை மனிதர்கள் காசு கொடுத்துத் தின்கிறார்களே என்று தலையில் அடித்துக்கொண்டார். போதாக்குறைக்கு அதிலுள்ள சைனரின் என்ற பொருள் நாக்கை ஏமாற்றும். அதைத் தின்ற பலருக்கு அடுத்துக் குடிக்கும் தண்ணீர் இனிக்கும். சாப்பாட்டின் சிறந்த அயிட்டம் பக்கத்தில் இருந்த தண்ணீர் டம்ளர் என்று ஆக்கிவிடும் காய்கறி வேறு உண்டா?

இப்போது அதே மொட்டைப் பறிக்காமல் விட்டுப் பாருங்கள். நாம் வழித்தெறிந்த அந்த மயிர்க்கற்றைதான் பூவாக வேண்டியது. மடல்கள் விலகி, உள்ளங்கை அகலத்தில் ஊதா நிறக் கொத்தாக அது மேலெழும். தேனீக்கள் அதில் முகம் புதைத்துக் கிடக்கும். ஆர்ட்டிசோக்கைத் தின்பவர் பூவைக் குப்பையில் போட்டுவிட்டுப் பூ உட்காரும் மணையை மெல்லுகிறார். பூ இல்லாத மாதங்களிலும் வெள்ளி பூசினாற்போல் கிழிந்து வளைந்த இலைகள் போதும், பக்கத்துச் செடிகளெல்லாம் வேலைக்காரர்கள்போலத் தெரியும். டென்மார்க்கின் பவுல் ஹென்னிங்சன் 1958இல் கோபன்ஹேகனின் ஒரு உணவகத்துக்காக 72 செப்பு இலைகளை அடுக்கி ஒரு விளக்கு வடிவமைத்தார். அதற்கு வைத்த பெயர் ஆர்ட்டிசோக். உணவகத்திலேயே அதைத் தட்டில் வைக்காமல் தலைக்கு மேலே தொங்கவிட்டாரே, விஷயம் தெரிந்தவர். கலிபோர்னியாவின் காஸ்ட்ரோவில்லில் 1948இல் ஆர்ட்டிசோக் ராணியாக முடிசூட்டப்பட்டவர் இன்னும் புகழ் பெறாத மர்லின் மன்றோ. வெண்டைக்காய்க்கு இப்படி ஒரு ராணி வாய்த்ததாகத் தகவல் இல்லை.

நியூயார்க்கில் ஆர்ட்டிசோக் வியாபாரத்தை ஒரு ரவுடிக் கும்பல் வளைத்துப்போட்டு, 1935 டிசம்பரில் மேயர் லகார்டியா எக்காளம் ஊதவைத்து அதன் விற்பனைக்கே தடை போட்டாரே, அலங்காரச் செடிக்காகவா இத்தனை ரகளை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தச் சம்பவம் காட்டுவது அந்நகரத்து இத்தாலியர்களின் நாக்கை. இன்னொருவர் வயலில் விளைந்து, இன்னொருவர் ஆய்ந்து வைத்தால் அது அருமையான பண்டம்தான்; அதை நான் மறுக்கவில்லை. மேயரே தனக்கு அது பிடிக்கும் என்று ஒப்புக்கொண்டு, சில நாளில் தடையை நீக்கினார். காஸ்ட்ரோவில்லைச் சுற்றிக் கடல்மூட்டம் கவியும் வயல்களில் ஏக்கர் கணக்கில் போடுபவர்களுக்கு அது பயிர். இரண்டு செடி வைத்திருப்பவருக்கு அது சிற்பம்.

ரனங்குலஸின் கதை நேரெதிர். கிழங்கு பார்க்கத் தண்ணீர்விட்டான் கிழங்கின் காய்ந்துபோன குட்டி மாதிரி, விரல் விரலாக இருக்கும். விரல்கள் கீழ்நோக்க நட வேண்டும். அதற்குமுன் சில மணி நேரம் ஊறவைக்க வேண்டும்; ராத்திரி முழுக்க ஊறவைத்துத் தூங்கிப்போனால் அழுகும். நட்டபின் ஈரம் தேங்கினாலும் அழுகும். பெயரில் தவளை இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. இலையுதிர் காலத்தில் நட்டால் வசந்தத்தில் சில வாரம் பூக்கும். வெயில் உறைத்ததும் கடையைக் கட்டிவிடும். இலை மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்தி, தோண்டி, உலர்த்தி, பையில் கட்டிவைக்க வேண்டும். ஊறப்போடு, நடு, அறு, தோண்டு, காயவை: இதற்குப் பெயர் வெள்ளாமை. கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாடில் கடலைப் பார்த்த சரிவில் சுமார் 50 ஏக்கரில் மார்ச் முதல் மே வரை வண்ணப் பட்டைகளாக ரனங்குலஸ் நிற்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்க வருகிறார்கள். அந்த வயல்கள் கிழங்கு விற்பனைக்காகப் போடப்பட்டவை. கூட்டம் பிறகுதான் வந்தது.

பூவின் அழகில் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வெங்காயத்தோல் மென்மையில் இதழுக்குள் இதழாக அடுக்கியிருக்கும்; அதன் முன் ரோஜா கொஞ்சம் சோம்பேறித்தனமாகத் தெரியும். ஆனால் அந்த அடுக்குக்காக மகரந்தத் தாள்கள் பெரும்பாலும் இதழ்களாக மாறிவிடுகின்றன. தேனீ வந்தால் விருந்து இல்லாத கல்யாணவீடு. நறுக்கி ஜாடியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும் என்பார்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன்: நறுக்குவதற்கென்றே வளர்க்கும் செடிக்கு இடம் கொல்லை. வாயில் வைக்கவும் முடியாது. ரனங்குலஸின் தாவரக் குடும்பத்தில் கருஞ்சீரகம் ஒன்றுதான் நம் அஞ்சறைப்பெட்டி வரை வந்த நல்ல பிள்ளை, வச்சநாபி போன்ற உறவுக்காரர்களைப் பற்றி விசாரிக்காமல் இருப்பது நல்லது.

பால்கனியில் இரண்டு தொட்டி மட்டும் வைத்திருப்பவரிடம் என் வாதம் தோற்றுவிடும். ஆர்ட்டிசோக்கைத் தொட்டியில் வைத்தால் அதுவா நாமா, யார் பால்கனியைவிட்டு வெளியேறுவது என்ற கேள்வி வரும். அதற்கு அசுவினிப் பூச்சி அடிக்கும், பூத்து முடிந்தபின் கொஞ்ச நாள் அலங்கோலமாகவும் நிற்கும் என்பதும் உண்மை. நாக்கைக் கட்ட முடியாதவர்கள் உச்சியில் வரும் பெரிய மொட்டை மட்டும் அறுத்துக்கொள்ளட்டும். பக்க மொட்டுகளை விட்டுவைத்தால், கோடையில் வாசலே ஊதாவாக நிற்கும். அந்நேரம் ரனங்குலஸ் காகிதப் பையில், அலமாரியில், தூங்கிக்கொண்டிருக்கும். பையின்மேல் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிவையுங்கள். இல்லையென்றால் ஏதோ மருந்துக் கிழங்கு என்று யாராவது ரசத்தில் தட்டிப் போட்டுவிடுவார்கள்.