நாற்பத்தாறாவது பல்

என் உடம்புக்கு ஐந்து லட்ச ரூபாய்க்குக் காப்பீடு இருக்கிறது. இதயம், சிறுநீரகம், முழங்கால், கண்புரை எல்லாம் அதில் அடக்கம். பித்தப்பையில் கல் வந்தால்கூட ராஜ மரியாதைதான். பல் மட்டும் கணக்கில் இல்லை. பாலிசியின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள்: விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் படுத்தால் ஒழியப் பல் சிகிச்சைக்குப் பணம் கிடையாது. முறுக்கு கடித்து உடைந்தால் என் செலவு, லாரி மோதி உடைந்தால் கம்பெனி செலவு. இதை நான் உரக்கப் படித்ததும் என் மனைவி, "ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கறப்போ பார்த்துப் போங்க. ஆசையில ஏதாவது செஞ்சுடாதீங்க" என்றாள்.

நமக்கும் உடம்புக்கும் உள்ள உறவில் யாரோ வாய்க்கு மட்டும் தனிப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டார்கள். படிப்பு தனி, பட்டம் தனி. சட்டம்கூட 1948-லேயே பல் மருத்துவர்களுக்கென்று தனியாக வந்துவிட்டது. வீட்டிலும் அப்படித்தான். நெஞ்சைப் பிடித்தால் ஆட்டோ வரும். பல்லைப் பிடித்தால் கிராம்பு வரும். பிறகு உப்புத் தண்ணீர், அதற்குப் பிறகு பூண்டு. அதற்கும் அடங்காவிட்டால் மைத்துனன் வந்து, "பல்லுதானே மாமா, பிடுங்கிப் போட்டுட்டுப் போங்க" என்பான். ஒரு விரல் வலித்தால் இப்படிச் சொல்வானா?

எனக்குப் பல்வலி தொடங்கிய மூன்றாம் நாள் இரவு தாடை, காது, நெற்றி எல்லாம் ஒரே கட்சியில் சேர்ந்து கொடி பிடித்ததில், மறுநாள் கிளினிக்குக்குப் போனேன். குரோம்பேட்டையில் கிளினிக்குக்குப் பஞ்சமில்லை. எங்கள் தெருமுனையில் நின்று கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு பல் மருத்துவர் போர்டில்தான் விழும். ஒவ்வொரு போர்டிலும் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் சிரித்துக்கொண்டிருக்கும். கட்டணத்தைக் கேட்பதற்கு முன் எடுத்த படம் போலிருக்கிறது.

டாக்டர் என் மகள் வயதுப் பெண். வாய்க்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு, உதவியாளரிடம், "நாப்பத்தாறு, டீப் கேரீஸ். எக்ஸ்ரே எடுங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மொத்தமே முப்பத்திரண்டு. அதிலும் சில ஏற்கெனவே விடைபெற்றுவிட்டன. நாற்பத்தாறாவது எங்கிருந்து வந்தது? வேறு யாருடைய பில்லாவது என் தலையில் விழுகிறதோ என்று பயந்து கேட்டேவிட்டேன். அவர் சிரிக்காமல் விளக்கினார். வாயை நான்கு வார்டாகப் பிரித்திருக்கிறார்களாம். வலது மேல் ஒன்று, இடது மேல் இரண்டு, இடது கீழ் மூன்று, வலது கீழ் நான்கு. அந்தந்த வார்டில் நடுவிலிருந்து எண்ணிக்கொண்டு போக வேண்டும். நான்காவது வார்டு, ஆறாவது கதவு. இந்தப் பல் ஆறு வயதில் முளைப்பதாம். ஏறக்குறைய அரை நூற்றாண்டு சீடையும் கரும்பும் அரைத்துப் போட்ட ஊழியனுக்கு ஒரு எண் இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது. மாநகராட்சியில் இதே கணக்குப்படி வரி ரசீது அனுப்பாதவரை சரி.

வேர் சிகிச்சைக்கு 6,000. அத்தோடு முடிந்தது என்று நினைத்தால், இல்லை. வேர் சிகிச்சை செய்த பல் பொடித்துப் போகலாம், அதன் மேல் கேப் போட வேண்டும். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெல்வெட் பெட்டியை எடுத்துத் திறந்தார்கள். உள்ளே வரிசையாகப் பற்கள். உலோகக் கேப், மேலே பீங்கான் பூசியது, அப்புறம் ஜிர்கோனியா. ஜிர்கோனியா 12,000, பத்து வருஷ வாரண்டி, அட்டையும் தருவார்களாம். உலோகக் கேப்பைத் தொட்டதும், வரவேற்பில் இருந்த பெண், "அது யாருக்கும் அவ்வளவா சஜஸ்ட் பண்றதில்ல சார்" என்று குரலைத் தாழ்த்தினார். பட்டுப்புடவைக் கடையில் பருத்திப் பிரிவு எங்கே என்று கேட்டவனைப் பார்க்கிற அதே பார்வை. ஆக 18,000.

என் தாத்தா மலாயாவில் ரப்பர்ப் பால் எடுத்து, அந்தக் காசில் முன்பல்லுக்குத் தங்கக் கவசம் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்தவர். அவர் சிரித்தால் ஊரே கணக்குப் பார்க்கும். இன்றைய தங்க விலைக்கு அது பல் அல்ல, பரம்பரைச் சொத்து. பேரனுக்கு வாய்த்ததோ வேறு. வேர்க்குழியைச் சுத்தம் செய்து அடைக்கிற பொருளுக்கு கட்டா பெர்ச்சா என்று பெயராம். அதுவும் அந்த மலாயாப் பக்கத்து மரம் ஒன்றின் பால்தான். தாத்தா மரத்துப் பாலை விற்றுத் தங்கம் வாங்கினார். நான் தங்கத்தை விற்று மரத்துப் பால் வாங்க வேண்டும்.

அரசாங்கம் எதுவும் செய்யவில்லை என்று சொல்லக் கூடாது. 2025 செப்டம்பரில் பற்பசைக்கும் பிரஷுக்கும் ஜி.எஸ்.டி.யை 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். வரியில்லாமல் நூறு ரூபாய் விலையுள்ள பற்பசையில் 13 ரூபாய் மிச்சம். மாதம் ஒரு டியூப் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். அந்த மிச்சத்தை உண்டியலில் போட்டுவந்தால் சுமார் 115 வருடத்தில் நாற்பத்தாறைக் காப்பாற்றிவிடலாம்.

டாக்டரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. "ஏம்மா இவ்வளவு?" என்று கேட்டதற்கு அந்தப் பெண் விரல் விட்டு எண்ணினார். ஐந்து வருடப் படிப்பு, தனியார் கல்லூரிக் கட்டணம், அந்த நாற்காலிக்கு வங்கித் தவணை, கேப் செய்து தரும் லேபுக்குத் தனி, கடை வாடகை தனி. "என் கூடப் படிச்சவங்கள்ல நிறைய பேர் இப்போ மெடிக்கல் கோடிங் பண்றாங்க அங்கிள். அமெரிக்கக்காரங்க பில்லுக்கு நம்பர் போடற வேலை. அதுல மாசம் பொறந்தா சம்பளம் வந்துடும்." தெருவுக்கு மூன்று டாக்டர். நோயாளியோ கிராம்பும் கையுமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். வருகிற ஒருவன் தலையில்தானே மூன்று கடை வாடகையும் ஏறும்?

இது சென்னைக் கதை. எங்கள் சொந்த ஊர்ப் பக்கம் கதையே வேறு. சித்தப்பாவுக்குத் தெரிந்த பல் சிகிச்சை ஒன்றுதான்: பிடுங்குவது. அது அரசு மருத்துவமனையில் இலவசமாக நடந்துவிடும். காப்பாற்ற வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும். ஒரு நாள் கூலி, பஸ் செலவு, கூட வருகிறவரின் கூலி, மறுபடி வரச் சொன்னால் அதே செலவு மறுபடியும். இப்படிக் காப்பாற்றாமல் விட்டதில் அவருக்கு இப்போது ஏழெட்டுப் பல்தான் மிச்சம். பல் உள்ளவன் பக்கோடா தின்பான் என்பார்கள். சித்தப்பா பக்கோடாவை டீயில் நனைத்துத் தின்கிறார்.

அரசுப் பல் மருத்துவக் கல்லூரி என்று பார்த்தால் சென்னை, சிதம்பரம், 2023-ல் திறந்த புதுக்கோட்டை. 1953-ல் தொடங்கிய சென்னைக் கல்லூரி கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. தாம்பரம் – பீச் வண்டியில் ஏறினால் வாசலில் இறக்கிவிடும். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு அங்கேதான் பல்செட் கட்டினார்கள். அதை மாட்டிக்கொண்டு அவர் இப்போது சீடையே தின்கிறார். எனக்கும் காலையிலேயே போய் வரிசையில் நிற்கலாம் என்றிருந்தது. லீவுதான் கிடைக்கவில்லை.

அதற்குள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பு வாசலில் மைக் கட்டிய வேன் வந்து நின்றது. புறநகரில் உள்ள ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரியின் இலவச முகாம். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன். டார்ச் அடித்துப் பார்த்த இறுதியாண்டுப் பையனின் முகம் மலர்ந்ததே, என் கல்யாணத்தில் மாமனார் முகம்கூட அப்படி மலரவில்லை. "மேடம், இங்க வாங்களேன். இருபத்தாறுல க்ளாஸ் டூ! ரொம்ப அழகா இருக்கு!" உடனே ஐந்தாறு தலைகள் என் வாய்க்கு மேல் வட்டம் கட்டின. என் வாயைப் பார்த்து அழகு என்று சொன்னவர்கள் அதற்கு முன் யாரும் இல்லை.

பிறகுதான் சூட்சுமம் புரிந்தது. இந்தப் பிள்ளைகள் பாஸ் செய்ய வேண்டுமென்றால் இத்தனை அடைப்பு, இத்தனை பிடுங்கல் என்று கேஸ் காட்ட வேண்டும். வெளியே நோயாளி டாக்டரைத் தேடுகிறான், கட்டணத்தைப் பார்த்து ஓடுகிறான். இங்கே டாக்டராகப் போகிறவர் நோயாளியைத் தேடி வேன் அனுப்புகிறார். நாற்பத்தாறாம் பல்லுக்கு அவர்கள் கல்லூரியிலேயே முதுநிலை மாணவி ஒருத்தி வேர் சிகிச்சை செய்தாள். மெதுவாகத்தான் செய்தாள். ஒவ்வொரு கட்டத்திலும் பேராசிரியர் வந்து பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் அடுத்த ஊசி. தெருமுனைக் கிளினிக்கில் இரண்டே நாளில் முடிந்திருக்கும் வேலை மாதக்கணக்கில் இழுத்தது. கேப்புக்கு லேப் செலவு மட்டும் வாங்கினார்கள். உலோகக் கேப்தான். யாரும் குரலைத் தாழ்த்தவில்லை.

போன வாரம் அந்த இறுதியாண்டுப் பையன் போன் செய்தான். "அங்கிள், உங்க மேல் இடது பல்லுல வலி எதுவும் இல்லையே? இருபத்தாறு?"

"இல்லப்பா."

"அப்பாடா. அதை நான் எக்ஸாமுக்கு வெச்சிருக்கேன் அங்கிள். அது வரைக்கும் வேற யாருக்கும் காட்டிடாதீங்க, ப்ளீஸ். காலையில நானே கார்ல வந்து கூட்டிட்டுப் போறேன். டிபன், மதியச் சாப்பாடு எல்லாம் என் பொறுப்பு."

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி போனை என் கையிலிருந்து வாங்கினாள். "தம்பி, எனக்கும் கீழ ரெண்டு இருக்கு. உங்க ஃபிரெண்ட்ஸ் யாருக்காவது வேணுமா?"