84 செக்கிங்

மத்திய உள்துறை அமைச்சகத்தின் வெளிநாட்டினர் பிரிவுக்கு, காவிரிக் கரையிலிருந்து வணக்கம்.

சட்டவிரோதக் குடியேறி என்றால் ஒளிந்து திரிபவர் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். அமெரிக்கா அவர்களைத் தேடுவதற்கென்றே படை வைத்திருக்கிறது. உங்களுக்கு அந்தச் சிரமமே இல்லை. நாமக்கல் மாவட்டப் பரமத்தி வேலூரிலும் சேலம் மாவட்டக் குறுக்குப்பட்டியிலும் உள்ள இலங்கைத் தமிழர் முகாம்களில் மாதந்தோறும் ‘செக்கிங்’ நடக்கிறது. பேர் கூப்பிட்டால் ஆள் முன்னால் வந்து நிற்க வேண்டும். அப்படி நின்றவருக்கு அரிசி உண்டு, 2021-இல் உயர்த்திய உதவித்தொகையும் உண்டு: குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. பேர் எழுதி, தலை எண்ணி, படியளந்து, அதே ஆளைச் சட்டவிரோதமாக நுழைந்தவர் என்று கோப்பில் எழுதிவைக்க உங்களால்தான் முடியும்.

இந்த முகாம்களிலிருந்து ஒரு பெண் வெளியே ஓர் இந்தியரைக் கட்டிக்கொள்கிறார் என்று வையுங்கள். 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு பெருந்தன்மையானது. இந்தியரை மணந்து, இங்கே ஏழு ஆண்டு வசித்தவர் பதிவு செய்துகொள்ளலாம் என்கிறது. ஆனால் ‘சட்டவிரோதக் குடியேறியாக இல்லாதவர்’ என்ற சொற்களும் அங்கேயே உட்கார்ந்திருக்கின்றன. 2003-இல் திருத்தம் கொண்டுவந்து, செல்லத்தக்க பாஸ்போர்ட் இல்லாமல் நுழைந்தவரெல்லாம் அந்த வகை என்று வரையறுத்தீர்கள். தலைக்கு மேல் குண்டு விழுகையில் பாஸ்போர்ட் அலுவலகத்தில் டோக்கன் வாங்காமல் படகேறியது அவர்கள் குற்றம். அதே திருத்தம் பிள்ளையையும் விடவில்லை. 2004 டிசம்பர் 3 முதல், அப்பா இந்தியராகவே இருந்தாலும், அம்மா அந்த வகை என்றால் நாமக்கல் அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தையும் பிறப்பால் இந்தியர் ஆகாது. நாமக்கல் முட்டை காகிதம் சரியாக இருந்தால் கத்தாருக்கே போகிறது. முட்டைக்குக் கோழியின் பாஸ்போர்ட்டை யாரும் கேட்பதில்லை.

முகாமிலேயே பிறந்த மணப்பெண்ணின் கதை இன்னும் நயமானது. 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகள். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒருவர் அதைக் கொண்டே நீதிமன்றம் ஏறி பாஸ்போர்ட் பெற்று, 2024 தேர்தலில் வாக்களித்தார். ஒரு நாள் தள்ளி, ஜூலை 1-இல் பிறந்தவருக்கு அந்த வாசல் மூடியாயிற்று. கோப்பில் அவரும் ‘நுழைந்தவர்’ வரிசையில்தான் நிற்கிறார். எங்கிருந்து நுழைந்தார் என்பதை வருவாய் ஆய்வாளர்தான் விசாரித்துச் சொல்ல வேண்டும்.

காகிதத்துக்காகக் கல்யாணம் செய்துகொள்வார்களே என்று கேட்பீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் ஏழு வருடம் ஒரே வீட்டில் பொய்யாகக் குடித்தனம் நடத்துவது சேலம் ஜில்லாவில் ஆகிற காரியமல்ல. அண்டை வீட்டு அத்தைமார்களின் விசாரணைக்கு முன் காவல்துறையின் கியூ பிரிவே கைகட்டி நிற்க வேண்டும். கதவைத் திறந்தால் படகுகள் வரிசைகட்டும் என்ற கவலையும் உங்களுக்கு உண்டு. அதற்கு நீங்களே தேதிப் பூட்டு வைத்திருக்கிறீர்கள். 2019 திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தாருக்கு 2014 டிசம்பர் 31 என்று கெடு வைத்து, சட்டவிரோதம் என்ற முத்திரையையே அழித்தீர்கள். இலங்கை அதில் இல்லை. பிறகு 2025 செப்டம்பரில், பதிவு பெற்ற இலங்கைத் தமிழருக்கு 2015 ஜனவரி 9 என்று கெடு வைத்தீர்கள். ஒன்பது நாள் அதிகம், மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது தண்டனையிலிருந்து விலக்கு. வழக்குப் போட மாட்டோம், குடிமக்களாகவும் ஏற்க மாட்டோம் என்பதுதான் அதன் சாரம்.

இந்திய வம்சாவளியினரான மலையகத்துக்காரர்களை இலங்கையில் ‘கள்ளத்தோணி’ என்று ஏசினார்கள். அவர்களில் பலரும் இந்த முகாம்களில் இருக்கிறார்கள். அந்த வசவையே இங்கே சட்டத்தமிழில் வாசிக்கிறோம்.

விலக்கு பெற்ற ஆள் இந்தியரை மணந்தால் 5-ஆம் பிரிவிலுள்ள அந்தத் தடை அவருக்குப் பொருந்தாது என்று ஒரு வரி திருத்தினால் போதும். ஏழு ஆண்டு வசித்ததற்கு என்ன ஆதாரம் என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் வரும். திருமணப் பத்திரிகையும் வேண்டாம், கேஸ் பில்லும் வேண்டாம். ஏழு வருடத்துக்கு 84 செக்கிங். பதிவேடு தாலுகா அலுவலக அலமாரியில் இருக்கிறது. கரையான் முந்துவதற்குள் திறந்து பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எண்ணப்படாமலே குடிமகனாக இருக்கும் ஒருவன்