வயர்க்கூடை அம்மையார்

செட்டிகுளத்தில் குன்றின்மேல் கரும்பைக் கையிலேந்தி நிற்கும் தண்டாயுதபாணியையும், ஊருக்குள்ளே கோயில் கொண்டிருக்கும் ஏகாம்பரேசுவரரையும் தரிசித்துவிட்டுச் சின்ன வெங்காயம் என்ன விலை என்று விசாரியாமல் திரும்பியவர் யாரையும் நான் கண்டதில்லை. ஆனால் தெய்வங்களுக்கும் வெங்காயத்துக்கும் அடுத்தபடியாக அங்கே தரிசிக்கத் தக்கவர் என்று நான் கருதுகிற ஒருவரைப் பற்றியே எழுதப் புகுந்திருக்கிறேன். அவர் வயர்க்கூடை அம்மையார். இயற்பெயர் ஒன்று குடும்ப அட்டையில் இருக்கத்தான் இருக்கும். கூடை பின்னத் தொடங்கியபின் ஊரார் அதை உபயோகிப்பதில்லை.

தொலைக்காட்சியில் ஒரு மாமியார் ஒரு மருமகளைப் படுத்தும் பாட்டைக் கண்கள் பார்த்துக்கொண்டிருக்கையில் கைகள் மட்டும் சும்மா இருப்பதற்கு மனம் ஒப்பாமல், விளையாட்டாக இரண்டு ரோல் வயர் வாங்கி அடி போட்டவர், சாதா முடிச்சில் கை பழகி, நெல்லிக்காய் முடிச்சில் தேர்ச்சி பெற்று, ‘சிவன் கண்’ணில் சித்தியடைந்த நாளில், எதிர்வீட்டுப் பெண் கூடையைத் தூக்கிப் பார்த்து, “அத்தே, இத வித்தா என்ன?” என்று கேட்டாள். அன்றோடு பொழுதுபோக்கு போயிற்று; வியாபாரம் வந்தது; லாபம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

அவருடைய கணக்கு சாஸ்திரத்தைச் சற்று விரிவாகச் சொல்லாமல் தீராது. கூடைக்கு மூன்று ரோல். ரோல் 60 ரூபாய். ஆக முதல் 180. அதன்மேல் 20 ரூபாய் வைத்து 200 என்று விலை சொல்லும்போதே, ஏதோ கொள்ளையடிப்பவர்போல அவர் குரல் தாழ்ந்துவிடும். நான்கு மாலைப்பொழுதுகள் முதுகு ஒடியப் பின்னியதற்குக் கூலி எங்கே என்று நான் கேட்டதற்கு, “அது சும்மா உட்காந்திருக்கிற நேரந்தானேங்க!” என்றார். இந்த சித்தாந்தத்தை அவர் வேறெங்கும் போய்ப் படித்துவரவில்லை. விதை வெங்காயத்துக்கு இவ்வளவு, உரத்துக்கு இவ்வளவு, களையெடுத்தவர்களுக்கும் தாள் அறுத்தவர்களுக்கும் கூலி இவ்வளவு என்று பைசா பிசகாமல் எழுதிவிட்டு, விடியுமுன் கொல்லைக்குப் போய் இருட்டியபின் திரும்புகிற தம் உழைப்பையும் தம் சம்சாரத்தின் உழைப்பையும் எழுதாமல் விடுவது அந்த வட்டாரத்து வெங்காயக்காரர்களின் பரம்பரைச் சம்பிரதாயம். 1965-ல் டில்லியில் ஏற்பட்ட விவசாய விலைக் கமிஷனின் சந்ததியார் இன்று நெல்லுக்கும் கோதுமைக்கும் செலவு கணிக்கும்போது, குடும்பத்தாரின் உழைப்புக்கும் ஒரு தொகை மதிப்பிட்டுச் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்தக் கருணை சின்ன வெங்காயத்தையே எட்டாதிருக்க, வயர்க்கூடையை எட்டும் என்று எதிர்பார்ப்பது பேராசை.

வெங்காயக்காரர்களிடம் அவர் கற்ற இன்னொரு வித்தை, காத்திருப்பது. விலை ஏறட்டும் என்று அவர்கள் பட்டறையில் சரக்கைச் சேமிப்பதுபோல இவரும் பரணைப் பட்டறையாக்கி, பச்சையும் மஞ்சளும் கத்தரிப்பூ நிறமுமாகக் கூடைகளை அடுக்கி வைத்திருக்கிறார். வெங்காயமாவது அழுகும் பயத்தால் ஒருநாள் வெளியேறும். கூடைக்கு அந்த பயமும் இல்லை.

2019 ஜனவரி முதல் தேதி ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தபோது, தமக்காகவே போடப்பட்ட சட்டம் என்று எண்ணி அவர் பூரித்தார். “வயரும் பிளாஸ்டிக்தானே?” என்று வம்புக்கு இழுத்த மருமகனை, “எறியறதுக்கா மாப்ளே பின்றோம்? ஒங்க பேரன் கல்யாணத்துக்கும் இது இருக்கும்” என்று அடக்கினார். 2021 டிசம்பரில் அரசாங்கமே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று புறப்பட்டதைத்தான் இன்றளவும் அவரால் மன்னிக்க முடியவில்லை. இதே மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்ததும் ஒரு மனத்தாங்கலே. “அவங்க வாகை மரத்துல சாமி செதுக்குறாங்க, சரி. நான் சாமியோட கண்ணையே முடிச்சுல போடுறேனே!” என்கிறார். இதற்கு எந்தப் பதிவாளர் பதில் சொல்வார்?

வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் பந்துக்கள். பந்துக்கள் கூடையை மெச்சுவார்கள், காப்பி குடிப்பார்கள், “நமக்குள்ள என்ன அத்தாச்சி கணக்கு” என்று கூடையோடு எழுந்து போவார்கள். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, சம்பளமில்லாத கணக்கப்பிள்ளையாக இவ்வீட்டிலேயே மறு நியமனம் பெற்ற அவருடைய கணவர் எழுதும் நோட்டில் ‘வரவு’ என்ற பகுதி அரைப் பக்கம்; ‘வரவேண்டியது’ என்ற பகுதி பதினொரு பக்கம். பேத்தி ஒருத்தி கூடைகளைப் படமெடுத்து வாட்ஸப்பில் வைத்ததன் பயனாக எங்கிருந்தோ ஒரு கல்யாண வீட்டார் தாம்பூலத்துக்கென்று முப்பது சிறு கூடைகள் கேட்டு, முன்பணமும் அனுப்பினார்கள். அம்மையார் இரவும் பகலும் பின்னி முப்பதையும் முடித்து, கல்யாணப் பெண்ணை வெறுங்கையோடு அனுப்பலாகாது என்று பெரிய சிவன் கண் கூடை ஒன்றைச் சீதனமாகச் சேர்த்தனுப்பினார். அந்தச் சீதனத்தில் முப்பது கூடையின் லாபமும் கரைந்தது என்று கணவர் நோட்டைக் காட்டினார். “நல்ல காரியத்துக்குக் கணக்குப் பாக்கலாமா?” என்றார் அம்மையார்.

இதையெல்லாம் கேட்ட நான், உழைப்புக்குக் கூலி வைப்பதன் அவசியத்தைப் பற்றி, இரண்டு தம்ளர் காப்பி தீரும் மட்டும் அவருக்கு உபதேசம் செய்தேன். அவரும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். புறப்படும்போது பச்சையும் வெள்ளையும் கலந்த கூடை ஒன்று மிகவும் பிடித்துப்போகவே, விலை என்னவென்று கேட்டுப் பணப்பையை எடுத்தேன்.

“நீங்க வேற! இவ்வளவு நேரம் எனக்காகப் பேசியிருக்கீங்க. வயர் காசு மட்டும் குடுங்க, போதும்.”

180 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன்.