சிவப்பு விளக்கும் வெள்ளெழுத்தும்

கேள்வி: தினமும் காலையில் சிவப்பு ஒளியைப் பார்த்தால் மூக்குக்கண்ணாடியே வேண்டாம் என்று என் கணவர் ஒரு டார்ச் வாங்கி வந்திருக்கிறார். வயது 58. பலிக்குமா?

பதில்: டார்ச் இருக்கட்டும், கண்ணாடியைப் பத்திரப்படுத்துங்கள்!

அவர் முழுக்கக் கதை விடவில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் பேராசிரியர் கிளென் ஜெஃப்ரியின் குழு, 2020-இல் 24 பேரைத் தினமும் 3 நிமிடம், இரண்டு வாரம், 670 நானோமீட்டர் சிவப்பு ஒளியைப் பார்க்க வைத்தது. 40 வயதைத் தாண்டிய சிலருக்கு நிறங்களைப் பிரித்தறியும் திறன் 20 சதவீதம் வரை கூடியது. வயதானால் விழித்திரையில் சோர்ந்துபோகும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு (செல்லுக்குள் இருக்கும் ஆற்றல் நிலையங்கள்) அந்த ஒளி தெம்பு தருகிறது என்பது அவர்கள் விளக்கம். காலையில் பார்த்தால்தான் பலன். மதியம் பார்த்தால் இல்லை என்று 2021-இல் கண்டார்கள். மைட்டோகாண்ட்ரியாவும் சாப்பிட்டதும் குட்டித்தூக்கம் போடும் போலிருக்கிறது!

ஆனால், கூடியது நிறம் காணும் திறன். பேப்பர் படிக்கும் திறன் அல்ல. கண்ணின் லென்ஸ் இறுகுவதால் வருவது வெள்ளெழுத்து. லென்ஸ் மங்குவதால் வருவது கண்புரை. இரண்டையும் சிவப்பு ஒளி சரிசெய்யாது. வேறொரு கண் நோயான, விழித்திரையின் மையப்பகுதி பழுதாகும் உலர் வகை மாக்குலா தேய்வுக்கு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024-இல் ஓர் ஒளிச்சிகிச்சைக் கருவியை அனுமதித்தது. அதை இயக்குவது டாக்டர், கணவர் அல்ல! மலிவு விலைக் கருவிக்குள் லேசர் இருந்தால் விழித்திரையே வெந்துபோகலாம்.

எனவே, முதலில் அவரைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். கரண்ட் போனால் டார்ச் உதவும்.