ஒரு ‘பாய்’ தூரம்

தில்லி லக்ஷ்மிபாய் நகரில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கிறது. யமுனைக்கு அக்கரையில் வெறும் லக்ஷ்மி நகர் இருக்கிறது. நடுவே ஒரு ‘பாய்’தான். அதைச் செயலி விழுங்கிவிட்டால், ஆர்டர் செய்த இட்லி மாவு ஆறு தாண்டிப் போய்ப் பொங்கி வழியும். பெயர் ஒன்றுபோல் இருந்தால் போன் என்ன செய்யும் என்பார்கள். 1972-இல் பின்கோடு வந்ததே இதற்குத்தானே? 110023, 110092 என்று ஆறு இலக்கம் தபால்காரருக்குப் போதுமாக இருந்தது. எந்தக் கடையில் எந்தச் செருப்பை முறைத்தோம் என்று விளம்பரத்துக்குத் தெரிகிறது; பார்சலுக்கு மட்டும் “லேண்ட்மார்க் பதாயியே (சொல்லுங்கள்)!” நம்மைப் பற்றி இந்த நிறுவனங்கள் என்ன சேர்த்து வைத்திருக்கின்றன என்று கேட்கும் உரிமை 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. கேளுங்கள். ஆள் நீங்கள்தானா என்று சரிபார்க்க ஓடிபி வரும், எப்போதோ தொலைந்துபோன உங்கள் பழைய போனுக்கே.