கால் சுற்று ஆட்டம்

அம்பாசடர் வைத்திருப்பவரிடம் ஸ்டீயரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். "லேசா இருக்கு" என்பார். அந்த லேசில் ஒரு சைக்கிள் நுழைந்து, பெல் அடித்து, வெளியே வந்துவிடும். என்னுடையது 1996 மாடல். ஸ்டீயரிங்கை இடது பக்கம் திருப்பினால், தகவல் கிளம்பி ராக்கைக் கடந்து, டை ராடு எண்டில் சற்று இளைப்பாறி, சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் திரும்ப வேண்டிய தெரு பின்னால் போய்விடும். தாம்பரத்திலிருந்து வருகிறவன் பல்லாவரத்தில் திரும்ப வேண்டுமானால் குரோம்பேட்டையிலேயே மனுப் போட்டுவிட வேண்டும்.

ஓட்டுகிறவருக்கு மட்டும் இது தெரியவே தெரியாது. தேய்மானம் மெல்ல மெல்ல வருவதால் கையும் அதோடு கூடவே பழகிவிடுகிறது. நேர்ச் சாலையில்கூட ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே ஓட்டுவேன்; பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் கதாநாயகன் அசையாத காரில் உட்கார்ந்து ஓட்டுவாரே, அதே ஆட்டம். என் மைத்துனன் ஒருநாள் ஆசையாகச் சாவியை வாங்கிக்கொண்டு போனான். தெருமுனையிலேயே இறங்கி நடந்து வந்துவிட்டான். "அத்தான், இந்த வண்டியில வலது பக்கம் போகணும்னா யாரைக் கேக்கணும்?"

விஷயம் இவ்வளவுதான். டை ராடின் நுனியில் நம் இடுப்பு மூட்டு போல ஒரு குழி, குழிக்குள் ஓர் இரும்பு உருண்டை. சக்கரம் மேலும் கீழும் குதித்தாலும் பக்கவாட்டில் திரும்பினாலும் உருண்டை குழிக்குள்ளேயே சுழன்று ஈடுகொடுக்கும். உள்ளே கிரீஸ், வெளியே ரப்பர் பூட். பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியேறும், புழுதி குடியேறும். புழுதியும் மிச்சமிருக்கும் கிரீஸும் சேர்ந்தால் கிடைப்பது அருமையான உப்புத்தாள் பசை. அது உருண்டையை இராப்பகலாகத் தேய்த்துத் தேய்த்து, நாம் "லேசா இருக்கு" என்று சொல்லும் நிலைக்குக் கொண்டுவரும்.

இந்த வண்டியின் பூர்வீகம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3. அதைக் கிட்டத்தட்ட அப்படியே வைத்துக்கொண்டு மேற்கு வங்கத்து உத்தரபாராவில் 2014 வரை அம்பாசடர் செய்துகொண்டிருந்தார்கள். அந்தக் காலத்து இன்ஜினியருக்கு வண்டிக்காரர்மேல் அபார நம்பிக்கை. வாரக் கடைசியில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுப்பார், ஒவ்வொரு கிரீஸ் நிப்பிளாகத் தேடிப் பிடித்துப் பம்ப் அடிப்பார் என்று நினைத்துவிட்டார். நிப்பிள் என்பது ஒற்றைக் குண்டு வால்வு வைத்த சின்னக் குமிழ். கிரீஸை உள்ளே விடும், வெளியே விடாது. ஆஸ்கார் ஸெர்க் என்பவர் 1929-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய சங்கதி. இன்றைய கார்களில் இந்தத் தொல்லையே கிடையாது. ஆயுளுக்கும் சேர்த்துக் கிரீஸை அடைத்துத் தருகிறார்கள். ஆயுள் முடிந்ததும் முழுசாக மாற்ற வேண்டியதுதான்.

நம் ஊரில் கிரீஸ் அடிப்பது வாட்டர் சர்வீஸின் ஓர் அங்கம். வண்டியை மேலே ஏற்றி, தண்ணீர் அடித்து, அடிப்பாகத்துக்கு டீசல் அடித்து, கடைசியில் ஒரு பையன் கிரீஸ் கன்னோடு வருவான். கண்ணுக்குத் தெரிகிற நிப்பிள்களுக்கு நல்ல மரியாதை. சந்தனம் பூசியதுபோல் தடவிவிட்டுப் போவான். ராடுக்குப் பின்னால் ஒளிந்திருப்பவை பட்டினிதான். பில்லில் மட்டும் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்டிருக்கும்.

எங்கள் மெக்கானிக் பாய் அப்படியல்ல. நிப்பிளைத் துணியால் துடைக்காமல் கன்னை வைக்க விடமாட்டார். துடைக்காவிட்டால் வாசலில் இருக்கும் அழுக்கை நாமே உள்ளே தள்ளுகிறோம் என்பார். ஏ.பி.3 கிரீஸை அடிக்க அடிக்க ஓரத்தில் கறுப்பாகப் பழசு பிதுங்கும். உதவிப் பையன் நிறுத்துவான். "புதுசு உள்ள போற வரைக்கும் இல்லடா, பழசு வெளிய வர்ற வரைக்கும் அடி."

முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மூன்று மணியிலும் ஒன்பது மணியிலும் பிடித்து ஆட்டினார். டக், டக். டை ராடு எண்டு காலி. பிறகு பன்னிரண்டிலும் ஆறிலும் பிடித்து ஆட்டினார். அங்கேயும் மெலிசாக ஒரு டொக். "பிரேக்கை மிதிடா." பையன் மிதித்ததும் சத்தம் நின்றது. பிரேக்கை மிதித்த பிறகும் ஆடினால், சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின் போச்சு என்று அர்த்தம். நின்றுவிட்டால் வீல் பேரிங் மட்டும்தான், முறுக்கிவிட்டால் போதும். நான் மூச்சு விட்டேன். கிங் பின் வேலைக்கு ஆகும் செலவைக் கேட்டு, நின்ற இடத்திலேயே வண்டியை விற்றவர்கள் உண்டு.

டை ராடு எண்டு வாங்க ஜி.பி. ரோடு போனேன். "ஒரிஜினல் இருக்கா?" என்றேன். கடைக்காரர் பணிவாக, "எந்த ஒரிஜினல் சார்?" என்றார். மூன்று விலையில் மூன்று ஒரிஜினல்கள் இருந்தன. நடுவில் இருந்ததை எடுத்துக்கொண்டேன். குடும்பஸ்தன் வேறென்ன செய்வான்?

பழைய ஜாயிண்டைக் கழற்றுவதுதான் காட்சி. ஸ்பிளிட் பின்னைப் பிடுங்கி, நட்டை முழுசாகக் கழற்றாமல் நுனியில் நிறுத்திவிட்டு, ஜாயிண்ட் உட்காரும் கண்ணுக்கு இரு பக்கமும் இரண்டு சுத்தியல். போல்ட்டின் நுனியில் அடிப்பது கத்துக்குட்டி வேலை, மரை நசுங்கிப் போகும். பாய் பக்கவாட்டில் தட்டுவார். 'பட்' என்று, கண்ணில் இறுகியிருக்கும் கூம்பு தானாகக் கழன்றுவிடும். ஸ்பானர் எடுத்துக் கொடுப்பது தனிக் கலை. இன்ஜின் ஜப்பான் இசுசு, அது மில்லிமீட்டர் பேசும். உடம்பு இங்கிலாந்து வாரிசு, அது இஞ்சில்தான் பதில் சொல்லும். பையன் இரண்டு பாஷையும் படித்தாக வேண்டும்.

அடுத்து எண்டை ராடிலிருந்து சுற்றிக் கழற்ற வேண்டும். எத்தனை சுற்றில் கழன்றதோ அத்தனை சுற்றுதான் புதியதை ஏற்ற வேண்டும்; இல்லாவிட்டால் முன்சக்கரங்கள் இரண்டும் ஆளுக்கொரு திசை பார்க்கும். பாய் எண்ணும்போது ஒர்க்‌ஷாப்பே வாய் பொத்தி நிற்கும். டீக்கடைப் பையன் மட்டும் புதுசு. "பாய், எத்தனை டீ?"

"பதினாறு."

வந்தது. எல்லோரும் ஆளுக்கு நாலு குடித்தோம்.

மாட்டி முடித்து, சக்கரங்களில் சாக்பீஸ் கோடு போட்டு, முன்னும் பின்னும் டேப் பிடித்து அளந்து, மரையைக் கொஞ்சம் திருத்தினார் பாய். "போதும் சார். சந்தேகமா இருந்தா மெஷின்ல ஒரு தடவை காட்டிடுங்க."

காட்டப் போகும் வழியில்தான் கஷ்டம். பழக்கதோஷத்தில் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்ட, வண்டி நிஜமாகவே இப்படியும் அப்படியும் போனது. பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் என் முகத்தருகே மூக்கை நீட்டி மோந்து பார்த்தார்.

அலைன்மென்ட் கடையில் ஏசி, கணினி, சக்கரத்துக்குச் சக்கரம் கேமரா. பையன் திரையில் வண்டிப் பட்டியலை மேலும் கீழும் உருட்டினான். அம்பாசடர் இல்லை. ஏதோ ஒன்றை அழுத்தி, பத்து நிமிஷத்தில் எல்லா எண்களும் பச்சையாக மின்னும் ஒரு தாளை நீட்டினான்.

"எந்த வண்டின்னு போட்டீங்க தம்பி?"

"ரெண்டு மூணு போட்டுப் பாத்தேன் சார். எதுல எல்லாமே பச்சையா வந்துச்சோ, அதையே பிரிண்ட் எடுத்துட்டேன்."