கிரான்பர்ன் அண்ணை

கிரான்பர்ன் அண்ணை வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கு விமானத்தில் வந்த அலுப்புத் தீர அவகாசம் கிடையாது. மறுநாள் காலையே காரில் ஏற்றிவிடுவார். "சிற்றியைப் பிறகு பாக்கலாம். கட்டடம் கொழும்பிலயும் இருக்கு" என்பது தீர்ப்பு. மெல்பேர்னின் புறநகர் ஒவ்வொன்றிலும் இப்படி ஒருவர் இருப்பார். காடும் வயலும் தொடங்குகிற தென்கிழக்கு ஓரத்தில் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறார்கள்.

அவருக்கு எந்த இடமும் இருபது நிமிசம்தான். தண்டனோங் சந்தை இருபது நிமிசம், கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில் இருபது நிமிசம், கடலோர ரூரடினும் இருபது நிமிசம். நாற்பது ஆனால் அது முன்னால் போகிறவனின் பிழை.

1866இல் தொடங்கிய தண்டனோங் சந்தையை அவர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையின் கிளை என்றே நினைக்கிறார். மாடு விற்ற ஊர் என்ற சரித்திரத்தை அரை வசனத்தில் முடித்துவிட்டு வெண்டிக்காய்க்கு வந்துவிடுவார். "இப்ப வாங்காதை தம்பி, பொறு. சாத்திற நேரம் விலை இறங்கும்." தம்பி பொறுப்பார். பிறகு பைகளையும் தம்பியே சுமப்பார்.

கூவீரப் சதுப்பை வாய்க்கால் வெட்டி வடியவைத்த கதை, அங்கே விளையும் அஸ்பராகஸ் எல்லாம் ஓடுகிற காரிலேயே நடந்துவிடும். இறக்கிக் காட்டுவது கிரான்பர்ன் தாவரவியல் பூங்காவில்தான். 2006இல் திறந்து, 2012இல் நிறைவாகி, அடுத்த வருடமே உலகக் கட்டடக்கலை விழாவில் பரிசு வாங்கிய ஆஸ்திரேலியத் தோட்டம் அங்கே இருக்கிறது. அண்ணைக்குப் பரிசு இரண்டாம் பட்சம். "ஒரு சதம் கேக்கேல்ல, பாத்தியோ!" செம்மணல் பரப்பின் முன் நின்று, "இது சுன்னாகம்" என்பார். பிலிப் தீவுப் பென்குயின்களுக்கு அவர் பட்டியலில் இடமில்லை. அவற்றைப் பார்க்கக் காசு கட்ட வேண்டும்.

கடைசியில் விண்கல் வரும். 1854இல் இந்தப் பக்கத்தில் அடையாளம் கண்ட இரும்பு விண்கற்களில் பெரியது மூன்றரை தொன். அதை லண்டனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். "எங்கட கல்லை வெள்ளைக்காரன் தூக்கிக்கொண்டு போட்டான்!" அண்ணை கிரான்பர்னில் வீடு வாங்கி ஏழெட்டு வருடம்தான் ஆகிறது. இந்த மண்ணின் ஆதிக்குடிகளான பூனுரோங் மக்கள் கேட்டால் 'எங்கட' என்ற உரிமைக்குச் சிக்கல் வரலாம். அவர்கள் கேட்கும் தூரத்தில் அவர் இதைச் சொன்னதில்லை.

போன கோடையில் லண்டனிலிருந்து மச்சான் வந்திருந்தார். போகிற இடமெல்லாம் அவர் இங்கிலாந்தின் பழைய சந்தை நகரங்களை எடுத்துவிட்டார். எண்ணூறு வருடத் தேவாலயம், கல் பாலம், வாரச்சந்தை. பதில் சொல்ல வழியில்லாத அண்ணை விண்கல்லை எடுத்தார்.

"முதல்ல எங்கட கல்லைத் தாங்கோ. பிறகு சரித்திரம் கதைப்பம்."

"அது இயற்கை வரலாற்று மியூசியத்திலயெல்லோ. வந்து பார். ரிக்கெற் இல்லை, சும்மாதான்."

அண்ணை காரின் வேகத்தைக் குறைத்தார்.

"பார்க்கிங்கும் சும்மாவோ?"